லிஃப்டுக்குள் கியூபா

கியூபாவில் பிறந்த ஒருவருக்கே கியூபாவைப் பற்றி வகுப்பெடுத்தவன் நான். அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.

வெஸ்ட்மீடில் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் நான்காம் மாடியைத் தாண்டியதும் நின்றுவிட்டது. உள்ளே நானும் ஆறாம் மாடியில் இருக்கும் கியூபாக்கார நர்ஸ் மார்த்தாவும் மட்டும். அவசர பட்டனை அழுத்தினால், ஆள் வர ஒரு மணி நேரமாகும் என்றது ஒரு குரல். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

“உங்கள் ஊருக்குப் போப்பாண்டவர் வந்தாரே, அது சுத்த நாடகம். புரட்சியும் மதமும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டன. மக்களுக்கு என்ன கிடைத்தது?” என்றேன்.

மார்த்தா தரையில் உட்கார்ந்தார். “அப்போது என் அண்ணன் சிறையில் இருந்தான். போப் வந்தால் கைதிகள் சிலரை விடுவார்கள் என்று பேச்சு. அம்மா கட்சிக்காரி, சர்ச் பக்கமே போகாதவள். அவர் பூசை வைத்த அன்றைக்கு விடியும் முன்பே சதுக்கத்தில் போய் நின்றாள்.”

“விட்டார்களா?”

“அடுத்த மாதம் அண்ணன் வந்தான். பக்கத்து வீட்டுப் பையன் வரவில்லை. அவனுடைய அம்மாவும் அன்று எங்கள் அம்மாவின் கையைப் பிடித்தபடிதான் நின்றிருந்தாள்.”

நான் கேட்ட கேள்விக்கு இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு பதில்கள் இருந்திருக்கின்றன. எங்கேயாவது ஓடிவிடலாம் என்றால் கதவு திறக்கவில்லை. மீதி நேரம் முழுவதும் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து, “ஒரு மணி நேரம் மாட்டிக்கிட்டேன்” என்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீங்க எங்க மாட்டினீங்க? அவங்கதான் பாவம், உங்ககிட்ட மாட்டியிருக்காங்க” என்றாள்.