நாற்பத்தொன்றாம் நாள் தீவனம்

அந்த ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணை எல்லோரும் எலியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடம், நான்கு மாதம் அந்த வேலை. காலை ஏழேகாலுக்கு வந்து, தட்டில் மிஞ்சிய தீவனத்தை நிறுத்து எழுதுவாள். அப்புறம் யாரும் சொல்லித்தராத ஒரு காரியம் செய்வாள்: தட்டிலிருந்து ஒரு தீவனக் கட்டியை எடுத்து, நனைத்து, வடிதாள் துண்டில் அழுத்தி, அந்தக் கறையைத் தன் சொந்த நோட்டில் ஒட்டித் தேதி போடுவாள். கெட்டுப்போன தீவனத்தைக் கறையே காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவள் எண்ணம்.

"எலிக்கு ஜாதகம் எழுதுறீங்களா?" என்று ஸ்டோர்காரர் சீண்டுவார்.

"உங்களுக்கு எழுதினா அரைப் பக்கம்கூடத் தேறாது" என்பாள்.

அந்த வருடச் சோதனை எலும்பைப் பற்றியது. கருநீலப் பழங்களின் தோலில் இருக்கும் நிறப்பொருள், தேய்கிற எலும்பைத் தாங்கிப் பிடிக்குமா? நாற்பத்தெட்டுப் பெண் எலிகள், தொண்ணூறு நாள். பாதிக்குப் பழப்பொடி கலந்த தீவனம், மீதிக்கு வெறும் தீவனம். முடிவில் எலும்புகளை இயந்திரத்தில் வைத்து ஒடித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நொறுங்கின.

சோதனையை நடத்திய டாக்டர், கூட்ட அரங்கில் முப்பத்தோரு பேர் முன்னால் எழுந்து நின்றார்.

"எலிக்காரம்மா கூண்டை மாத்திப் போட்டுட்டாங்க. படிக்காத ஆளை நம்பினது என் தப்பு."

மறுநாளே அவளைக் கண்ணாடிச் சாமான் கழுவும் அறைக்கு அனுப்பினார்கள். பேச்சு அங்கேயும் துரத்தியது. டீ ஊற்றுகிறவர்கூட, "டம்ளரை மாத்தி எடுத்துடாதீங்க அக்கா" என்று இளித்தார். வீட்டில் நாத்தனார், "உப்பா சர்க்கரையான்னு பார்த்துப் போடுங்க அண்ணி" என்றாள். அதே அரங்கில், அதே முப்பத்தோரு பேர் முன்னால், டாக்டர் சொன்னதை அவரே திரும்ப விழுங்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் குறைந்தாலும் அவளுக்கு வேண்டாம்.

ஆயுதத்தை அவரே அனுப்பிவைத்தார். மூன்றாம் வாரம், பழப்பொடி இருந்த இரண்டு பாட்டில்கள் கழுவ வந்தன. கழுவும் அமிலம் பட்டதும் முதல் பாட்டிலின் ஊதாக் கறை பளிச்சென்று சிவந்தது. இரண்டாவதில் சேற்று நிறம். எவ்வளவு அமிலம் விட்டாலும் அசையவில்லை. அதன் லேபிளில் டாக்டரின் கையெழுத்து: 'ஈரமாக வந்தது. ஓவனில் 130 டிகிரி, இரவு முழுக்க. 41ஆம் நாள் முதல்.'

சூட்டில் நிறம் செத்துப்போயிருக்கிறது. செத்த பொடியைத்தான் எலிகள் தின்றிருக்கின்றன. லேபிளை ஊறவைத்து உரித்து, காயவைத்து, நோட்டுக்குள் வைத்தாள். அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

உடனே போய்க் கத்தியிருக்கலாம். அடுத்த கூட்டம் வரை ஐம்பத்திரண்டு நாள் பொறுத்தாள்.

டாக்டர் பேசி முடித்ததும் நோட்டும் சொட்டுக் குப்பியுமாக முன்னால் போனாள்.

"என்னம்மா இது?" என்றார் கூட்டத்துக்குத் தலைமை வகித்த அம்மாள்.

"எலிங்க தின்னதோட கறை மேடம். தினமும் ரெண்டு பக்கத் தட்டுலேர்ந்தும் எடுத்தது. சாரையே அமிலம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்க."

"இதெல்லாம் சின்னப்புள்ள விளையாட்டு" என்றார் டாக்டர்.

"விளையாட்டுக்கு ஏன் சார் வேர்க்குது?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் குப்பியை வாங்கினார். முப்பத்தொன்பதாம் நாள் கறை சிவந்தது. நாற்பதும் சிவந்தது. நாற்பத்தொன்று அப்படியே கிடந்தது.

"கூண்டை மாத்தியிருந்தா வெறும் தீவனத்துப் பக்கமாச்சும் சிவக்கணுமே சார். அங்கேயும் விட்டுப் பாருங்க."

விட்டார். அங்கேயும் ஒன்றும் இல்லை. அவள் லேபிளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

தலைவி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "புரிஞ்சுதும்மா. போதும்."

"எனக்குப் போதல மேடம். தொண்ணூறு நாளுக்கும் சேர்த்துத்தான் என்னைச் சொன்னார். இன்னும் நாற்பத்தொன்பது நாள் இருக்கு."

யாரும் எழுந்து போகவில்லை. டாக்டர் ஒவ்வொன்றாகச் சொட்டு விட்டார். அவள் பக்கத்தில் பேனாவோடு நின்று, ஒவ்வொன்றுக்கும் 'சிவக்கவில்லை' என்று எழுதினாள். அறுபத்தேழில் சொட்டு ஓரத்தில் விழுந்தது.

"சரியா விழல சார். இன்னொண்ணு விடுங்க."

தொண்ணூறும் முடிந்தது. "இப்பச் சொல்லுங்க சார். யார் தப்பு?"

"என்... என்னோடதுதான்."

"கடைசி வரிசைக்குக் கேக்கல."

"என் தப்புதான்!"

அவள் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தாள்: நாலு மணி பன்னிரண்டு நிமிடம். பிறகு நாற்காலிகளில் இருந்தவர்களை ஒருமுறை எண்ணினாள்.

"இன்னிக்கு இருபத்தொன்பது பேர்தான் இருக்காங்க. ரெண்டு பேர் லீவு. திங்கக்கிழமை அவங்க வந்ததும் இன்னொரு தடவை சொல்லிடுங்க சார். நானும் வந்துடறேன்."