கூடுதலாக வைத்த இரண்டு பட்டைகள்

இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டி, நீலகிரியில் பச்சைத் தேயிலையின் விலை சரிந்து, பறிப்புக் கூலிக்கே கட்டாத நிலை வந்த காலத்தில், சோலூரை அடுத்த எங்கள் ஊரில் இது நிகழ்ந்தது. என்னிடம் அப்போது சிறிய சரக்கு வண்டி ஒன்று இருந்தது. சிறு விவசாயிகளின் தோட்டங்களிலிருந்து இலை மூட்டைகளை ஏற்றித் தொழிற்சாலையில் சேர்ப்பதே என் பிழைப்பு. முதலில் தொழிற்சாலை சில நாட்களில் இலை வாங்க மறுத்தது. பிறகு விவசாயிகள் பறிப்பதையே நிறுத்திவிட்டார்கள். கவாத்துக் காணாத செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, அவை தேயிலைதான் என்று யாராவது சொன்னால்தான் தெரியும் என்ற கோலத்தில் நின்றன.

வேலை இழந்த பெண்கள் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் காடுகளுக்குக் கூலிக்குப் போகத் தொடங்கினர். காலையில் அவர்களைக் கொண்டுபோய் விடுவதும் மாலையில் திருப்பி அழைத்துவருவதும் என் வண்டியின் புதிய வேலை ஆயிற்று. சரக்கு வண்டியில் மனிதர்களை ஏற்றுவது சட்டத்துக்குப் பொருந்தாது என்பதை நான் அறிவேன், அவர்களும் அறிவார்கள். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பேருந்து இல்லை என்பதையும் எல்லோரும் அறிந்திருந்தோம்.

அந்நாளில் வண்டியின் பின்புறத்தில் பாரம் தாங்கும் இரும்புப் பட்டை ஒன்று முறிந்தது. உதகைக்குப் போகும் சாலையில் பல ஆண்டுகளாக எனக்குப் பழக்கமான பட்டறையில் வண்டியை விட்டேன். அதன் உரிமையாளர் என்னைப் போலவே கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். வண்டியைத் திரும்ப எடுக்கப் போனபோது அதன் பின்பாகம் வழக்கத்தைவிட உயர்ந்து நின்றது.

"ரெண்டு பட்டை சேத்தியே வெச்சிருக்கேனுங்க. நீங்க கேக்கல, நானே வெச்சேன். இனி எத்தன மூட்டை ஏத்துனாலும் அசையாது" என்றார் பெருமிதமாக.

இலை வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் அக்காலத்தில் அவரிடம் வேண்டிக் கேட்டுப் பெற்றது அதுதான். அளவுக்கு மேல் மூட்டை ஏற்றுவதற்காகப் பட்டைகளைக் கூட்டிக்கொள்வது எங்கள் மலையின் வழக்கம். அவர் அன்பினால் செய்ததாகவே எண்ணி நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் பெண்கள் ஏறினார்கள். மூட்டைகளுக்காக இறுக்கப்பட்ட வண்டி, எடை குறைந்த அவர்களை ஒவ்வொரு குழியிலும் தூக்கித் தூக்கிப் போட்டது. பின்னாலிருந்து கேலி எழுந்தது.

"ஏனுங்கண்ணா, எங்களையும் கேரட்டுன்னு நெனச்சுட்டீங்களா?"

"கேரட்டுன்னா பதமா ஓட்டுவாருடி. அதுக்கு வெலை இருக்குது."

சிரிப்பு அடங்கிய சற்று நேரத்தில், இறக்கத்து வளைவொன்றில், அடியிலிருந்து இரும்பு தெறிக்கும் ஓசை கேட்டது. ஸ்டீயரிங்கை நான் ஒரு பக்கம் திருப்ப, வண்டி இன்னொரு பக்கம் கோணிக்கொண்டு போயிற்று. பள்ளத்தின் பக்கம் போகாமல் மண்மேட்டின் பக்கம் போய் மோதி நின்றது. அது என் திறமை அன்று. எது என்று எனக்கு இன்றும் தெரியாது.

பலருக்குச் சிராய்ப்பு. ஒருவருக்கு மட்டும் பெரிய காயம். அவர் இலங்கையின் தோட்டங்களில் பிறந்து, தாயகம் திரும்பி இங்கே குடியேறியவர். பறிப்பில் அவர் கைக்கு ஈடு கொடுக்க எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை. பக்கத்தில் இருந்தவள் வெளியே விழாமல் தடுக்க வலக்கையை நீட்டியபோது, மணிக்கட்டு வண்டியின் பலகைக்கும் மண்மேட்டுக்கும் இடையே சிக்கி நொறுங்கிவிட்டது. அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள்.

சில நாட்களுக்குப் பின், வண்டியை இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் புறப்பட்டேன். கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு அந்த அம்மாள் வழியில் நின்றார். தாமும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று நான் தடுத்தும் கேட்கவில்லை.

பட்டறைக்காரர் வண்டியைக் கண்டதும் முகம் மாறினார். "லோடு கண்டபடி ஏத்தியிருப்பீங்க. ரெண்டு பட்டை சேத்தி இருக்குதுன்னு மலையவே ஏத்துனா தாங்குமுங்களா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாள் சொன்னார்: "நாங்கதான் ஐயா லோடு."

பட்டறைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். "சரக்கு வண்டியில ஆளை ஏத்திட்டு என்கிட்ட ஞாயம் கேக்க வந்தீங்களா? போலீஸ்ல போய்ச் சொல்லுங்க, பாக்கலாம்."

அவர் சொன்னதில் தவறில்லை. எங்கும் போய் முறையிட முடியாதவர்களாகத்தான் நாங்கள் இருவரும் அங்கே நின்றோம். அம்மாள் குரலை உயர்த்தாமல், "நான் ஏச வரல்ல ஐயா. என் கை போனது போனதுதான். இனிமே எனக்குப் பதிலா மருமக காட்டுக்குப் போறா. இந்த வண்டியிலதான் ஏறணும். கீழ என்னா ஆச்சுன்னு நீங்களே ஒருக்கா குனிஞ்சு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் நுழைந்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அவர் கையில் லாட வடிவில் வளைந்த போல்ட் ஒன்று இருந்தது. பட்டைகளின் அடுக்கைச் சக்கரத்தின் அச்சோடு சேர்த்துக் கட்டுவது அதுதான். பட்டைகள் கூடி அடுக்கு தடித்தால் போல்ட்டும் நீளமாக வேண்டும். அவரோ பழைய போல்ட்டையே போட்டிருந்தார். அதன் நுனி நட்டின் பாதிவரைகூட எட்டவில்லை. கடித்துக்கொண்டிருந்த சில திருகுமரைகளும் மழுங்கிப்போயிருந்தன.

"வேலை தெரிஞ்ச ஃபிட்டர் ஊருக்கே போயிட்டானுங்க. வண்டியே வர்றதில்லை, நான் எப்படி அவனை வெச்சிருக்கறது? நானே பூட்டுனேன். நீளமான போல்ட்டு கோயமுத்தூர்ல இருந்து வரோணும். இதுவே கடிச்சுக்கும்னு உட்டுட்டேன்." சற்று நிறுத்தி, "இலை வண்டின்னே நெனச்சுட்டேனுங்க" என்றார்.

"இலை எங்கீங்க இருக்குது?" என்றேன். அவர் அந்தப் போல்ட்டைத் தனியே வைத்துவிட்டு, இரண்டு அளவிலும் புதிய போல்ட்டுகள் வேண்டுமென்று கோயமுத்தூருக்குச் சொல்லி அனுப்பினார்.

போல்ட்டுகள் வந்த அன்றும் அம்மாள் என்னோடு வந்து, பழைய டயர் ஒன்றின் மீது அமர்ந்துகொண்டார். ஆட்கள் ஏறும் வண்டிக்கு வேண்டாத கூடுதல் பட்டைகள் கழற்றப்பட்டன. நீளமான போல்ட்டுகள் மூட்டைக்காரர்களுக்குப் பயன்படட்டும் என்று எடுத்துவைத்துவிட்டு, குறைந்த அடுக்குக்குப் பொருந்தும் புதியவற்றைப் பட்டறைக்காரர் பூட்டினார். கடைசி முடுக்கு மட்டும் பாரம் ஏற்றிய பிறகே போட வேண்டும் என்றார். முன்பெல்லாம் அதற்கு ஒரு நடை இலை ஏற்றிக்கொண்டு வருவோம். இப்போது ஏற்றுவதற்கு எதுவும் இல்லை.

அம்மாள் எழுந்தார். இடக்கையால் பலகையைப் பற்றி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். எதிரே தேநீர்க்கடையில், ஓட்டம் இல்லாமல் வண்டிகளை நிறுத்திவிட்டுக் காத்திருந்த ஓட்டுநர்களைக் கூப்பிட்டார். "வாங்க தம்பிமாரே, சும்மாதானே இருக்கீங்க. கொழுந்துக்குப் பதிலா கொஞ்ச நேரம் உக்காருங்க."

அவர்கள் ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். "எங்களுக்கு இன்னிக்கு இந்த லோடாச்சும் கெடச்சுதே" என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. முழங்காலை மடக்கி நெருங்கி அமர்ந்திருந்த அத்தனை பேரின் எடையில் வண்டி மெல்லத் தாழ்ந்தது. அடியில் பட்டறைக்காரர் நட்டை முடுக்கும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முடித்துவிட்டு வந்து, அம்மாள் இறங்குவதற்குக் கை கொடுத்தார். அம்மாளின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன்பின் அந்த வண்டி ஒருநாளும் பிசகவில்லை. அம்மாளின் மணிக்கட்டோ கோணலாகவே கூடிற்று. அவரால் களைக்கொத்தைப் பிடிக்க முடியவில்லை. மறுபடி பறிப்புத் தொடங்கியிருந்தாலும் அவரால் பறித்திருக்க முடியாது. மருமகளின் கூலி ஒன்றில் வீடு நடக்கவில்லை. அடுத்த மழைக்கு முன் குடும்பமே திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் புறப்பட்டது. பாத்திர மூட்டைகளோடு அவர்களைப் பேருந்து நிலையம்வரை கொண்டுபோய் விட்டவன் நானே. இறங்கும்போது அம்மாள், "மெதுவா ஓட்டினீங்க ஐயா" என்று மட்டும் சொன்னார்.

பழுதான வேலையை அவிழ்த்து மறுபடி செவ்வையாகப் பூட்டிவிட முடிந்தது. அந்தக் கையை அப்படிச் செய்ய முடியவில்லை. வண்டியை விற்று ஆண்டுகள் பலவாகியும், யாராவது ஒருவர் ஒரு வேலையை "இது போதும்" என்று சொல்லி முடிப்பதைக் கேட்கும்போதெல்லாம், அதன்மேல் வந்து அமரப்போகிறவர் யாரோ என்று என் மனம் ஒரு கணம் நின்று வருந்துகிறது.