இரண்டாம் வரிசையில் மூன்றாவது ஆள்

சுங்கைப் பட்டாணியின் பழைய படங்களை ஒரு மண்டபத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நாங்கள் இருக்கும் மெர்கோங்கிலிருந்து என்னை அங்கே கூட்டிப்போகச் சொல்லி மகனைப் பிடுங்கி எடுத்துவிட்டேன். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று, சாக்குத் துணியைப் பாவாடையாகக் கட்டிக்கொண்டு திரிந்தவள் நான். அந்தக் காலத்துக்குப் போய் ஏக்கமா! எழுபது தாண்டினால் மனசுக்கு வெட்கம் போய்விடும் போலிருக்கிறது.

முதல் படத்தில் மணிக்கூண்டைப் பார்த்தேன். ஜப்பான்காரன் கடிகாரத்தைத் தன் ஊர் நேரத்துக்கு முன்னே தள்ளி வைத்ததால், இருட்டோடு இருட்டாக எஸ்டேட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட்டதும், அம்மா தடுமாறிக்கொண்டு வெளியே ஓடியதும் நினைவுக்கு வந்தன. துணிக்கடை வரிசை, மாட்டு வண்டிகள், சைக்கிளில் ரொட்டி விற்கிறவர். ஒவ்வொரு படத்துக்கும் நான் வாய் ஓயாமல் கதை சொல்ல, மகன் கொட்டாவி விட்டான்.

அடுத்த படத்தில் ரயில் நிலையத்துக்கு முன்னால் நாற்பது ஐம்பது ஆண்கள் மூன்று வரிசையாக நின்றார்கள். பல எஸ்டேட்டுகளிலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப் போனவர்கள். இரண்டாம் வரிசையில் என் அப்பா.

எங்கள் வீட்டுச் சுவரில் பொட்டும் மாலையுமாக இருக்கும் அதே முகம். அப்பா சயாமுக்குப் போனபோது எனக்கு நாலு வயது. அவரை நான் அறிந்தது அந்தச் சுவர்ப் படத்தில் மட்டும்தான். “டேய், தாத்தாடா! இங்க வந்து பாருடா!” என்று கத்திவிட்டேன்.

பக்கத்தில் என் வயதுப் பெண்மணி ஒருவர் நின்றிருந்தார். “இல்லைங்கக்கா. அது எங்கப்பா” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “என்னக்கா பேசுறீங்க? எங்கப்பா சயாம்ல செத்துப்போனவரு. வருசா வருசம் படையல் போடுறோம்.”

“எங்கப்பா சயாம்லேருந்து திரும்பி வந்தாருக்கா. எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சிட்டுத்தான் கண்ண மூடுனாரு” என்று சொல்லி, கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். மணக்கோலத்தில் அவர். பக்கத்தில், தலை நரைத்து, எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பவர்.

மகன் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்தப் படம் வீட்டுக்கு வந்த கதையைப் பெரியப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர், அப்பா வாந்திபேதியில் போய்விட்டதாக எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்து சொன்னார். உடம்பு கிடையாது, எலும்பு கிடையாது. கருமாதிக்குப் படமாவது வேண்டுமே, எதற்குப் பொட்டு வைப்பது? அப்பாவுக்குத் தனிப்படம் எதுவும் இல்லை. வழியனுப்பப் போன அன்று ஸ்டேஷனில் படம் பிடித்தது பெரியப்பாவுக்கு ஞாபகம் வந்தது. டயருக்குப் பதில் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிளில், படத்துக்கு விலையாக ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கோடு, எங்கள் எஸ்டேட் இருந்த பாடாங் மேஹாவிலிருந்து டவுனுக்கு மிதித்தார்.

படக்கடைச் சீனரிடம் அன்று படம் பிடித்த கண்ணாடித் தகடு இருந்தது. படம் போடும் காகிதம்தான் ஒன்றே ஒன்று மிச்சம்; அதில் ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரலாம். முதலில் முழுப் படத்தையும் போட்டுப் பார்க்க வழியில்லை. அவர் தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கறுத்த முடி வெளுத்தும் வெள்ளைச் சட்டை கறுத்தும் பேய்கள் நிற்பதுபோல் தெரிந்ததாம். முகத்தை வைத்து ஆளைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் அன்று படப்பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றவர் பெரியப்பா. “ரெண்டாம் வரிசையில, என் இடது கைப் பக்கத்துலேருந்து மூணாவதா நின்னான் என் தம்பி. கரெக்டா விரல வச்சேன்” என்று கடைசிவரை மார்தட்டினார். முகம் கொஞ்சம் மாறித் தெரிந்ததற்கு மட்டக் காகிதம்தான் காரணம் என்பார்.

சீனர் தூக்கிப் பிடித்த தகட்டை அவர் மறுபக்கமிருந்துதான் பார்த்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இடம் வலமாகும் என்பது அவருக்குத் தெரியாது. இங்கே மாட்டியிருக்கும் படத்தில் நான் அப்பா என்று கும்பிட்டவர் வலது கோடியிலிருந்து மூன்றாவதாக நிற்கிறார்.

படம் வந்த அன்று அம்மா அதைப் பார்த்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லயத்துப் பெண்கள், “மனுசன் எப்படி எளச்சிட்டாரு பாரு” என்று அழுதார்கள். அதற்குள் பூசாரி சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். பொட்டு வைத்த படத்தை எங்களில் யாரும் இறக்க மாட்டார்கள்.

“இதாம்மா அப்பா?” என்று கேட்டேன்.

“ஆமா. கும்பிட்டுக்க” என்றாள் அம்மா.

தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாள். யாரோ ஒருவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து தாலியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள்! இதை ஒரு வார்த்தை சொல்லாமல் செத்தும் போனாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நான் சொல்லி முடித்ததும் அந்தப் பெண்மணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “உசுரோட இருந்த மனுசனுக்கா மாலை போட்டீங்க?”

மன்னிப்புக் கேட்டேன். வேறு என்ன சொல்ல முடியும்? பிறகு எழுந்து போய், இரண்டாம் வரிசையில் இடது கோடியிலிருந்து விரல் வைத்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

முண்டாசு கட்டிய ஒருவர். அகன்ற மூக்கு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார். இவர்தான் என்னைப் பெற்றவர், திரும்பி வராதவர். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் யாரோ மாதிரி இருந்தார். என் விரல் தானாக நகர்ந்து அந்த இன்னொருவரிடமே போனது.

“உங்கப்பாவுக்குக் கடைசியில என்னக்கா ஆச்சு? ரொம்பக் கஷ்டப்பட்டாரா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் நான் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன்.