கொக்குப் படம் போட்ட விமானம்

"சோறா, வாழைக்காய் மசியலா?" இடுப்பை லேசாகச் சாய்த்து, சிரித்த முகத்தோடு கேட்கிறாள் நாலுங்கா. எண்டெபே விமான நிலையச் சாலையில் நாலு பெஞ்சு போட்ட சாப்பாட்டுக் கடை அவளுடையது. யாருக்காவது வழி சொல்வதென்றாலும் ஒற்றை விரலை நீட்டமாட்டாள். உள்ளங்கையை முழுதாக விரித்துக் காட்டுவாள்.

"மேடம், பெல்ட்டு போட்டுக்கணுமா?" என்பான் மோட்டார் சைக்கிள் ஓட்டும் கக்வா.

"உன் வாய்க்குப் போடுறேன், வா."

மூன்று நாடுகள் கூட்டாக நடத்திய விமானக் கம்பெனி உடைந்து, உகாண்டா தனக்கென்று ஒன்றைத் தொடங்கியபோது பணிப்பெண்ணாகச் சேர்ந்தவள் அவள். வாலில் நாட்டுப் பறவையான கொண்டைக் கொக்கு வரைந்த விமானம் லண்டனில் இறங்கினால், அங்கிருக்கும் உகாண்டாக்காரர்கள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையாட்டுவார்கள். பிறகு கம்பெனியை மூடினார்கள். விமானங்களை யாரோ வாங்கிப் போனார்கள். பழைய ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை ஏரிக்கரையில் கூடி மீன் சாப்பிட்டார்கள். கூட்டம் தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் அவளும் முகிசா என்ற கிழவரும்தான் மிச்சம். முகிசாவும் போன பிறகு அவள் ஏரிப்பக்கமே போவதில்லை.

மகள் பபிரியே நைரோபியில் இருக்கிறாள். பேரனை நாலு வயதுவரை போனில்தான் பார்த்தாள் நாலுங்கா. முட்டிவலியோடு விடிய விடிய பஸ்ஸில் உட்கார முடியாது. மகள் விமான டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்பாள்.

"வேற நாட்டு பிளேன்னா கீழயா விழுந்துடும்?"

"விழாதுடி. அதுல ஏறினா, நம்மளுது செத்துப்போச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி."

"செத்துத்தாம்மா போச்சு! அதுக்காக என் புள்ளை பாட்டி இல்லாம வளரணுமா?"

அன்றைக்குப் போனை வைத்துவிட்டு அவள் கடையே திறக்கவில்லை.

மூடிப் பதினெட்டு வருடம் கழித்துக் கம்பெனி மறுபடி உயிர் பெற்றபோது, நாலுங்கா தன் காசிலேயே டிக்கெட் எடுத்தாள். தலைமுடியை இழுத்துக் கொண்டை போட்டு, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு ஏறினாள். வாசலில் நின்ற பணிப்பெண்ணிடம் என்ன சொல்வது என்று ஒரு வாரமாக மனதுக்குள் பேசிப் பார்த்து வைத்திருந்தாள். வணக்கம் சொன்ன அந்தச் சின்னப் பெண்ணைக் கண்டதும், பதிலுக்கு வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு இருக்கைக்குப் போனாள்.

அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்தபோதுதான் நாலுங்காவுக்கு வாய் வந்தது. "நானும் இந்தக் கம்பெனிலதான்மா இருந்தேன்."

"அப்படியாம்மா!" அந்தப் பெண் நிஜமாகவே மகிழ்ந்தாள். "எந்த மாசம் விட்டீங்க?"

நாலுங்கா தண்ணீரைக் குடித்து முடித்தாள். "கொஞ்ச நாளாச்சும்மா," என்றாள்.

நைரோபியில் எல்லோரும் மேலே வைத்த பைகளை இழுத்துக்கொண்டு முண்டியடித்து இறங்கினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. கூட்டம் வடிந்ததும் தன் இருக்கையின் பெல்ட் பட்டையை எடுத்தாள்; இரண்டு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் போட்டு நீவிவிட்டாள். பக்கத்து இருக்கைக்கும் அப்படியே செய்தாள். பயணிகள் இறங்கியதும் அந்தக் காலத்தில் அவள் செய்த வேலை அது.

"அம்மா, இறங்கலையா? அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்," என்றாள் அந்தப் பெண்.

"இதோ, ஆச்சு."

கைப்பைக்குள் போன் அடித்தது. வெளியே பேரனோடு காத்திருக்கும் மகள்தான். நாலுங்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு, பின்வரிசைக்கு நகர்ந்து, தொங்கிக்கொண்டிருந்த பட்டையைக் குனிந்து எடுத்தாள்.