செங்கல்லில் எழுதிய ஹைக்கூ

நான் ஹைக்கூ எழுத வந்தது சோம்பலால். பள்ளியில் எனக்கு மலையாளம்; தமிழ் வீட்டில் கற்றுக்கொண்டது. எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கம் விஷுவுக்கு ஓர் ஆண்டு மலர் கொண்டுவரும். அதில் தமிழுக்கு நான்கு பக்கம், அந்த நான்குக்கும் சித்தப்பாதான் ஆசிரியர். பக்கம் நிறையாமல் தவித்த அவர், ஏழாம் வகுப்பில் இருந்த என்னிடமும் ஏதாவது எழுதித் தரச் சொன்னார். மூன்றே வரியில் முடிகிற சமாசாரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

ஒரே வாரத்தில் பதினேழு எழுதிவிட்டேன். எல்லாவற்றிலும் பனி பொழிந்தது, செர்ரி பூத்தது. அப்பா ஃப்ரிட்ஜைக் கழுவும் நாட்களைத் தவிர நான் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. சாப்பிடும்போது எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவேன். சித்தப்பா "கொள்ளாம்" என்பார். நன்றாயிருக்கிறது என்பதற்கு எங்கள் ஊர்ச்சொல் அது. அதே குரலில்தான் பருப்பு வெந்திருப்பதையும் சொல்வார். எனக்கு அழுகையாக வரும்.

அந்தச் சமயத்தில்தான் ஆற்றுக்கால் அம்மன் கோயில் பொங்காலை வந்தது. அன்று நகரத்தின் தெருவெல்லாம் பெண்கள் அடுப்புக் கூட்டிப் பொங்கலிடுவார்கள். இடத்துக்கு அடிதடி என்பதால் முதல் நாளே மூன்று செங்கல்லை வைத்து, சாக்பீஸால் பெயரை எழுதிவிட்டு வருவது வழக்கம். பெயர் இருந்தால் யாரும் தொடமாட்டார்கள். அம்மாவும் பெரியம்மாவும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கிழக்கேகோட்டையில், பழவங்காடிக்குப் போகும் வழியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் அடுத்தடுத்து உட்கார்ந்து பொங்கலிட்டவர்கள். முந்தின மழைக்காலத்தில் பெரியம்மா இறந்துவிட்டாள். இந்த முறை அம்மா தனியாகத்தான் போகவேண்டும், ஆனாலும் அதே இடம்தான் வேண்டும் என்றாள்.

அப்பா கல்லை ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கித் தருவதாகவும், எழுதுவது என் பொறுப்பு என்றும் ஏற்பாடு. "அக்கா இருந்த இடத்துக்குப் பக்கத்துலயே வையி மக்ளே. பேரைப் பெரிசா எழுது" என்று அம்மா இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

கல்லும் மூன்று, வரியும் மூன்று. ஊரே நடந்து போகும் சாலை. வீட்டில் மதிப்பில்லாத கவிஞருக்கு இதைவிட நல்ல அச்சகம் எங்கே கிடைக்கும்? அம்மாவின் பெயரை மறந்தே போனேன். கல்லுக்கு ஒரு வரியாக எழுதி வைத்துவிட்டு, கையில் சாக்பீஸ் தூளோடு பெருமையாகத் திரும்பினேன்:

பனி பொழியும் இரவு
செர்ரி மரத்தடியில்
தனியே ஒரு நிலவு

மறுநாள் விடியற்காலையில் கலமும் அரிசியும் வெல்லமுமாகப் போனால், எங்கள் கல்மேல் வேறொரு பெண்ணின் கலம் இருந்தது. கொல்லத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். தமிழ் படிக்கத் தெரியாத அவள் அதைக் குழந்தைக் கிறுக்கல் என்று எண்ணியிருக்கிறாள். என் செர்ரி மரம் அடுப்பின் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது.

"பேரு எழுதலியா?" என்றாள் அம்மா.

"கவிதை எழுதினேன்."

அம்மா திட்டவில்லை. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் ஒன்று கொடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

விஷயம் புரிந்ததும் அந்தப் பெண் பதறி எழுந்தாள். "ஞான் மாறாம் சேச்சி" என்று கலத்தைத் தூக்கப் போனாள். வைத்த கலத்தை எடுக்கக்கூடாது என்று அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உடனே அவள் பக்கத்தில் பரப்பியிருந்த தன் பைகளையெல்லாம் வாரி மடியில் வைத்துக்கொண்டு இடம் செய்தாள். கடைக்காரரிடம் கேட்டு மூன்று கல்லும் வாங்கி வந்தாள். அம்மா அங்கே அடுப்புக் கூட்டினாள். அது பெரியம்மா உட்காரும் இடம். சேச்சி என்றால் அக்கா; குடும்பத்தில் கடைக்குட்டியான அம்மாவை அந்தப் பெண் நாள் முழுக்கச் சேச்சி சேச்சி என்றே கூப்பிட்டாள்.

கோயிலில் தீ மூட்டியாயிற்று என்று ஒலிபெருக்கி சொன்னதும் தெரு முழுக்கப் புகை எழுந்தது. அம்மா, இலையில் பொதிந்து அவிக்கும் தெரளிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. கொல்லத்துக்காரி தன் முண்டின் முனையால் அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி துடைத்தாள். அவள் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எங்கே இருந்தாலும் அவள் நன்றாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு பொங்காலைக்கும் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

அன்று மாலை, குற்ற உணர்ச்சியில், பதினெட்டாவதை எழுதினேன்.

பக்கத்து அடுப்புப் புகை
அம்மாவின் கண்ணைத் துடைக்கிறாள்
பெயர் தெரியாதவள்

சித்தப்பா சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கொள்ளாம் என்று சொல்லவே இல்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் விஷு மலரில் முதல் பக்கத்தில் அதைத்தான் போட்டிருந்தார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு எரிச்சல். எதிர்வீட்டு அத்தை என்னை நிறுத்தி, ஆஸ்பத்திரியில் தன் தாய்க்குத் துணையிருந்த நர்ஸ் ஞாபகம் வந்தது என்றாள். மாடிவீட்டு அக்காவுக்கு ரயிலில் கூட வந்த யாரோ. நான் எழுதியது எது, இவர்கள் சொல்வது எது? அடுத்த மலரில் விளக்கக் குறிப்பு ஒன்று போடும்படி சித்தப்பாவைக் கேட்டேன். அவர் சிரித்ததும் இன்னும் கோபம் வந்தது.

கடைசியாக அம்மா படித்தாள். மூன்று வரிக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, "பெரியம்மாவப் பத்தி நல்லா எழுதியிருக்க மக்ளே" என்றாள்.

அதில் பெரியம்மா எங்கே வந்தாள்? அம்மாவுக்கு ஹைக்கூ புரியவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் முதன்முதலாகக் கிடைத்த பாராட்டு என்பதால், அவளைத் திருத்தாமல் விட்டுவிட்டேன்.