செக்கு படாத ராஜா

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஜார்ஜ் டவுனில் எங்கள் குமாஸ்தாக்கள் சங்கத்தில் வருஷா வருஷம் சதுரங்கப் போட்டி. ஜெயிக்கிறவன் படகில் அக்கரை போய், பிறை ஸ்டேஷனில் ரயிலேறி ஈப்போவுக்கு ஆடப் போவான். ஒவ்வொரு தடவையும் போனது சூசைதான், அதுவும் இறுதி ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்துவிட்டு. ஆடுவது வெள்ளைக்காரன் விதிப்படிதான், ஆனாலும் அவன் வாய் சும்மா இருக்காது.

"நம்மூரு ஆட்டத்துல செக்கு படாத ராஜா ஒரே ஒரு தரம் குதிரை மாதிரி தாவலாம் லா. அதையும் புடுங்கிட்டானுங்க."

அந்த வருஷம் சூசை காய்ச்சலில் போய்விட்டான். எனக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் இந்தத் தடவையாவது ஈப்போ எனக்குத்தான் என்றும் நினைத்தேன்.

இறுதி ஆட்டம் ராமசாமியோடு. சாயங்கால மழை. அவன் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டது. அதுவரை நான் ஒரு செக்கும் வைக்கவில்லை, ராணியை இறக்கினால் ஆட்டமே முடிந்தது. அப்போது ஜன்னல் கதவு படாரென்று அடித்தது, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சாத்த ஓடினார்கள். நானும் திரும்பிவிட்டுப் பலகையைப் பார்த்தால் ராஜா இரண்டு கட்டம் தள்ளி, ஒரு கட்டம் ஒதுங்கி நிற்கிறது. குதிரைத் தாவல்!

"என்னா வேலை இது, ராமசாமி?"

"சத்தியமா நான் தொடலண்ணே."

பாவம், முகம் வெளிறி அவனே அதைப் பழைய கட்டத்தில் வைத்தான். இந்தத் தடவை நான் எங்கும் திரும்பவில்லை. கண் இமைத்தேன், அவ்வளவுதான். ராஜா மறுபடியும் அங்கே.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "செத்தும் விடமாட்டியாடா?" என்று கத்திப் பலகையைத் தட்டிவிட்டேன். காயைக் கலைத்தவன் தோற்றவன், அது சங்கத்து விதி. ராமசாமி ஈப்போ போனான்.

அடுத்த வருஷமும் ராமசாமியோடுதான் இறுதி ஆட்டம். எடுத்த எடுப்பிலேயே ஒன்றுக்கும் உதவாத ஒரு செக்கு வைத்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யார் கையும் படாமல் அவன் ராஜா, எழப்போனவன் மறுபடி உட்கார்ந்த மாதிரி, லேசாக ஆடி நின்றது.

ஜெயித்தேன், ஈப்போவும் போனேன். இன்றைக்கும் யாரோடு ஆடினாலும் முதலில் அந்த வெட்டிச் செக்கை வைத்துவிடுவேன். வைத்துவிட்டு எதிரே இருக்கும் ராஜாவையே பார்ப்பேன்.

அது ஆடும்.