பந்து இல்லாமல் வழியை மறித்தால்

இன்று மகளின் சாஃப்ட்பால் மேட்ச். ஒரே ரன்னில் தோற்றார்கள்.

பந்து வந்து சேரும் முன்பே, ரன்னை முடிக்க ஹோம் பிளேட்டுக்கு ஓடி வந்த எதிரணிப் பெண்ணை இவள் மறித்து நின்றுவிட்டாள். முன்பு கபடி ஆடியவள். அங்கே மறிப்பதுதான் ஆட்டம்.

மலையாளி அம்பயர் ரன்னை அவர்களுக்குக் கொடுத்தார்.

"நான் தொடவே இல்ல சார்."

"தொடணும்னு இல்ல மோளே. கையில பந்து இல்லாதெ வழி தடயான் பாடில்ல, மறிக்கக் கூடாது."

வீட்டுக்குத் திரும்ப தம்பானூர் பஸ்ஸில் ஏறினோம். தோற்றதில் எனக்கு வருத்தம்கூட வரவில்லை.

பாதி வழியில் கேட்டாள்: "ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் ஃபார்ம்ல எப்பம்மா சைன் போடுவே?"

"பார்க்கலாம்" என்றேன், வழக்கம்போல.

"போகவேண்டாம்னு சொல்ல உன் கையில காரணம் ஏதாவது இருக்கா?"

என் கைகள் மடியில் சும்மா கிடந்தன.

விதி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நான் மறித்ததற்கு என் மகளுக்கு எத்தனை பேஸ் முன்னேற்றிக் கொடுக்க வேண்டும்?